ஏழுக்குப் பதில் ஆறு

டார்லா வீபேவுக்கு கோல்ஃப் பயிற்சியாளர் வேலை கிடைத்ததற்கு ஒரே காரணம், அவளுக்கு வேன் ஓட்டத் தெரியும் என்பதுதான். எல்க் பெண்ட் கல்லூரியில் அவள் அப்போது பெண்களுக்குச் சுகாதாரப் பாடமும் உடற்பயிற்சியும் எடுத்துக்கொண்டிருந்தாள். பையன்களுக்கு இத்தனை அணி என்றால் பெண்களுக்கும் அதற்கு ஈடாக இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்க ஆரம்பித்த காலம். கல்லூரி விரல் மடக்கிப் பார்த்தது. ஓர் அணி குறைந்தது. கோல்ஃப் என்றால் ஐந்து பெண்கள் போதும், ஊருக்கு வெளியே திடல் ஏற்கெனவே இருக்கிறது, சீருடைக்கு ஆளுக்கொரு பனியன் வாங்கிக் கொடுத்தால் தீர்ந்தது.

விளையாட்டுத் துறைத் தலைவர் டுவேன் ஹார்ம்ஸ் சாப்பாட்டுக் கூடத்தில் அவள் எதிரே தட்டோடு வந்து உட்கார்ந்தார்.

"டார்லா, உனக்கு கோல்ஃப் தெரியுமா?"

"எங்க வீட்டுக்காரர் ஆடறதப் பார்த்துத் தலையில அடிச்சுக்கிட்டிருக்கேன்."

"அது போதும். வேன் ஓட்டுவியா?"

"கோதுமை லாரியே ஓட்டியிருக்கேன்."

"அப்புறம் என்ன? இன்னையிலேர்ந்து நீதான் கோச்."

அப்படித்தான் ஆரம்பித்தது. முதல் வருஷம் பெண்களுக்குத் தெரிந்த அளவுகூட அவளுக்கு ஆட்டம் தெரியாது. கணவன் வெர்னோடு ஞாயிற்றுக்கிழமைகளில் போய்க் கற்றுக்கொண்டாள். கான்சாஸில் மேற்கே போகப் போக மரம் குறைந்து காற்று கூடும். அங்கே பந்தடிப்பது என்பது பாதி காற்றோடு பேரம் பேசுவதுதான். அந்தப் பேரம் டார்லாவுக்குச் சீக்கிரம் பிடிபட்டது. விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். வானத்தைப் பார்த்தே வளர்ந்தவள்.

வேலை என்று பார்த்தால் பெரும்பகுதி கோல்ஃபே இல்லை. விடிகாலையில் வேனில் ஐந்து பெண்களையும் ஐந்து பைகளையும் ஏற்றிக்கொண்டு நாலைந்து மணி நேரம் ஓட்ட வேண்டும். பின்னால் ஐஸ் பெட்டியில் கடலை வெண்ணெயும் ஜாமும் தடவிய சாண்ட்விச்சுகள், ஆப்பிள், தண்ணீர். ஒருத்திக்குக் காதலன் கைவிட்டுப் போயிருப்பான், ஒருத்திக்கு வேதியியல் தேர்வு இருக்கும், ஒருத்தி வேன் கிளம்பியதும் வாந்தி எடுப்பாள். எல்லாவற்றுக்கும் டார்லாதான். தன் ஒரே மகன் வளர்ந்து டென்வருக்குப் போன பிறகு, "எனக்கு வருஷாவருஷம் அஞ்சு பொண்ணு பொறக்குது" என்று அவள் சர்ச்சில் சொல்லிச் சிரிப்பாள்.

ஐந்து பேர் ஆடுவார்கள், நான்கு பேர் கணக்குதான் சேரும். அன்றைக்கு மோசமாக ஆடியவளின் கணக்கை விட்டுவிடலாம். கல்லூரிப் போட்டிகளில் இன்னொரு வசதியும் உண்டு. ஆட்டத்தின் நடுவே கோச் பேசலாம், யோசனை சொல்லலாம். கோச்சுகள் ஆளுக்கொரு குறுங்குழியாகப் பார்த்து, அதன் தொடக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். ஒரே அடியில் கொடி இருக்கும் திட்டை எட்ட வேண்டிய இடம் அது. சரியான மட்டையை எடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இரும்பு மட்டைகளுக்கு எண் உண்டு; எண் குறையக் குறையப் பந்து தூரமாகப் போகும். தன் பெண்கள் ஒவ்வொருத்தியும் எந்த மட்டையில் எவ்வளவு தூரம் அடிப்பாள் என்பது டார்லாவுக்கு மனப்பாடம். பெண் பையோடு வந்து நிற்பாள். டார்லா புல்லைக் கிள்ளிக் காற்றில் விடுவாள். "எட்டு" என்பாள், அல்லது "ஏழு." அவ்வளவுதான் பேச்சு.

பதினான்கு வருஷம் இப்படியே ஓடியது. அணி கடைசியிலிருந்து இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வரும். யாரும் அதைப் பற்றிக் கேட்டதில்லை. பிறகு மாலின் எக்புளாட் வந்தாள்.

மாலின், ஸ்வீடன்காரர்கள் குடியேறிய லிண்டால் என்ற சிற்றூர்க்காரி. அப்பா லென்னர்ட் டிராக்டர் விற்கிறவர். அவர்கள் ஊர்த் திடலில் புல் வளராது. கொடி நடும் இடத்தில் எண்ணெய் கலந்த மணலைத்தான் கொட்டி இழுத்து வைத்திருப்பார்கள். அந்த மணலில் அப்பாவோடு ஆடி வளர்ந்தவள். உயரம், அகன்ற தோள், உரத்த சிரிப்பு. முதல் நாள் அவள் ஏழாம் எண் மட்டையால் அடித்த பந்து திட்டைத் தாண்டி வேலியில் போய் விழுந்ததைப் பார்த்து டார்லா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

"மெதுவா அடிம்மா. அந்தப் பக்கம் மாடு மேயுது."

"மாட்டுக்கும் கோச் நீங்கதானா?"

வேனில் மூன்றாவது சாண்ட்விச்சைக் கையில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்து, வழி முழுக்க வானொலியோடு சேர்ந்து தப்பும் தவறுமாகப் பாடுவாள். அவளுடைய அறைத்தோழி ஷெல்லி பின்னாலிருந்து காதைப் பொத்திக்கொள்வாள். "கோச், ஒண்ணு இவள எறக்கி விடுங்க, இல்ல என்ன எறக்கி விடுங்க!"

இரண்டாம் வருஷம் கோடை விடுமுறை முடிந்து வந்தபோது மாலின் மெலிந்திருந்தாள். ஓடினேன், இனிப்பை விட்டேன் என்றாள். முகம் கூர்மையாகி அழகாகத்தான் இருந்தது. டார்லா வாயாரச் சொன்னாள்: "நல்லா இருக்கேடி." பிற்காலத்தில், தான் என்ன தப்பாகச் சொன்னோம் என்று அவள் எவ்வளவோ தேடினாள். திட்டிய வார்த்தை, கிண்டல் என்று எதுவும் அகப்படவில்லை. அகப்பட்டது இந்த ஒன்றுதான்.

அக்டோபரில் ஒரு போட்டி. நாலாவது குழியில் டார்லா உட்கார்ந்திருந்தாள். மாலின் வந்தாள். "ஏழு" என்றாள் டார்லா. அடி சுத்தமாக இருந்தது, சத்தமும் சரியாக இருந்தது. பந்து திட்டை எட்டாமல் முன்னாலிருந்த மணல் பள்ளத்தில் விழுந்தது.

இருவரும் ஒரு நிமிஷம் அந்தப் பள்ளத்தையே பார்த்தார்கள்.

"காத்து கனமா இருக்கு" என்றாள் டார்லா. மறுநாள் அதே இடத்தில் மாலின் வந்து நின்றபோது, "ஆறு" என்றாள். பந்து கொடிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது.

அதில் யோசிக்க என்ன இருக்கிறது? பந்து எட்டவில்லை என்றால் அடுத்த மட்டை. கோச் செய்கிற வேலையே அதுதான். நவம்பரில் அதே தூரத்துக்கு ஐந்து தேவைப்பட்டது. குளிரில் பந்து போகாது என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். டார்லா தனக்குள் அதைச் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை, கை தானாக ஐந்தைக் காட்டியது. விசித்திரம் என்னவென்றால், தூரம் குறையக் குறைய மாலினின் கணக்கு நன்றாக ஆகிக்கொண்டே வந்தது. பழைய முரட்டு அடி போய், பந்து கோடு கிழித்தது போல் நேராகப் போனது. வகுப்பு முடிந்ததும் திட்டில் போய் நின்று, கை விறைக்கும்வரை சின்ன அடிகளைப் பழகினாள். ஊர்ப் பத்திரிகையில் படம் வந்தது. எல்க் பெண்ட் முதல் முறையாக ஒரு போட்டியில் ஜெயித்தது. வேனில் மட்டும் பாட்டு நின்றுபோயிருந்தது. மாலின் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஜன்னலில் தலையைச் சாய்த்திருப்பாள். களைப்பு என்று டார்லா நினைத்தாள்.

பிப்ரவரியில் ஷெல்லி வந்து டார்லாவின் அறைக் கதவைத் தட்டினாள். கையில் மாலினின் கோல்ஃப் பை.

"கோச், இதத் தெறந்து பாருங்க."

பையின் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்ததும் நாற்றம் அடித்தது. டார்லா தன் கையால் காகிதம் சுற்றிக் கொடுத்த சாண்ட்விச்சுகள். சில கல்லாகியிருந்தன, சிலவற்றில் பச்சைப் பூஞ்சை. ஒன்றைக்கூடக் கடிக்கவில்லை.

"எவ்வளவு நாளா இப்படி?"

"நீங்கதான சொல்லணும்? நீங்கதான் தெனமும் அவ ஆடறதப் பாக்கறீங்க" என்றாள் ஷெல்லி. சொன்னதும் பயந்துபோய், "அவகிட்ட நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க, என்னோட பேச மாட்டா" என்று அழ ஆரம்பித்தாள்.

அன்று இரவுச் சாப்பாட்டில் டார்லா வெர்னிடம் சொன்னாள். வெர்ன், இறைச்சிக்காக மாடுகளைக் கொழுக்க வைக்கும் தொழுவத்தில் வேலை பார்க்கிறவன். குதிரையில் ஏறித் தினமும் பட்டி பட்டியாகப் போய், எந்த மாடு துவண்டிருக்கிறது என்று பார்ப்பதுதான் அவன் வேலை.

"ஒரு மாடு தீனிக்கு வரலைன்னா நாங்க அன்னைக்கே பட்டியிலேர்ந்து தனியா பிரிச்சிடுவோம்" என்றான்.

"அவ மாடு இல்ல, வெர்ன்."

"அதத்தான் நானும் சொல்றேன்."

அவள் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

அந்த வாரமே டுவேன் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். கல்லூரி ஓர் அணியைக் கலைக்கப் போகிறது என்றார். டென்னிஸா கோல்ஃபா என்பதுதான் பேச்சு. "வட்டாரக் கோப்பைய ஜெயிச்சு தேசியப் போட்டிக்குப் போய்ட்டா, கல்லூரித் தலைவர் கோல்ஃப்ல கை வைக்க மாட்டார். அந்தப் பொண்ணு இருக்கற வரைக்கும் உனக்கென்ன கவலை?"

டார்லாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. அணி போனால் சுகாதாரப் பாடமும் அதே உடற்பயிற்சி வகுப்பும்தான் மிஞ்சும். அதைவிட, மற்ற நான்கு பெண்கள். இருவர் அணியில் ஆடுவதற்குக் கிடைத்த உதவித்தொகையில்தான் படித்துக்கொண்டிருந்தார்கள். இதையெல்லாம் அவள் நியாயமாகத்தான் யோசித்தாள். அந்த நியாயம்தான் ஆபத்தாகப் போனது.

மாலினைத் தனியாக வேனில் உட்கார வைத்துப் பேசினாள்.

"பையில இருந்ததப் பார்த்தேன்."

மாலினின் காது சிவந்தது. "எனக்குக் கடலை வெண்ணெய் சலிச்சுப்போச்சு கோச். அதச் சொன்னா உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னுதான்."

"டாக்டர்கிட்ட போகலாம்."

"நான் மோசமாவா ஆடறேன்?"

"அதில்ல."

"போன வருஷம் தின்னு தின்னு பெருத்துப்போய் வேலிக்கு அடிச்சேன். இப்ப திட்டுல போடறேன். எதுங்க கோச் வியாதி?"

 உடம்பு கரைந்த பெண்ணின் கண் மட்டும் அத்தனை பெரிதாக, அத்தனை விழிப்பாக இருந்தது. கடைசியில் பேரம் பேசி முடித்தார்கள். ஏப்ரலில் வட்டாரப் போட்டி. அது முடிந்த வியாழக்கிழமை காலையில் மாலின் மறுபேச்சில்லாமல் டாக்டரிடம் வருவாள். வீட்டுக்கு இப்போது ஒன்றும் சொல்ல வேண்டாம். டார்லா டாக்டரிடம் நேரம் வாங்கி வைத்தாள். வாங்கி வைத்ததும் பாரம் இறங்கினாற்போல இருந்தது.

வட்டாரப் போட்டி ஓக்லஹோமா எல்லையில் நடந்தது. முதல் நாள் இரண்டு சுற்று, பையைத் தோளில் சுமந்து நடக்க வேண்டும். வடக்கிலிருந்து குளிர்காற்று. மாலின் மூன்று சட்டை போட்டிருந்தாள். அப்படியும் பின்னாலிருந்து பார்த்தால் பை மட்டும் நடந்து போவது போல இருந்தது. அன்று மாலை எல்க் பெண்ட் முன்னணியில் இருந்தது.

மறுநாள் டார்லா தன் நாற்காலியைப் பதினேழாவது குழியில் போட்டாள். ஏழாம் எண் தூரம். பக்கத்துக் கல்லூரிக் கோச்சான கிழவர் ஒருவர் தெர்மாஸிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுத்தார். "உங்க பொண்ணுக்கு ஒடம்பு சரியில்லையா, டார்லா?"

"சளி" என்றாள்.

மாலின் வந்தாள். பையை இறக்கி வைத்தாள். கையுறையைக் கழற்றி விரல்களை ஊதினாள். நகங்கள் நீலமாக இருந்தன. சட்டைக் கை விலகிய மணிக்கட்டில், குழந்தைக்கு இருப்பது போல் மெல்லிய பூனைமுடி படர்ந்திருந்தது.

"என்ன கோச்?"

டார்லா புல்லைக் கிள்ளிவிட்டாள். காற்று பின்னாலிருந்து தள்ளியது. போன வருஷத்து மாலினாக இருந்தால் எட்டுக்கூடப் போதும். இப்போது இரும்பில் எதுவும் எட்டாது. மர மட்டைதான், இரும்பையெல்லாம் விடத் தூரமாக அடிக்க எடுக்கிறது. அது டார்லாவின் நாக்கில் வந்து நின்றது. இந்தக் காற்றில், இந்தத் தூரத்துக்கு, மரம். அந்த ஒரு கணத்தில் அக்டோபரிலிருந்து தான் செய்தது முழுவதும் அவளுக்குத் தெரிந்தது. புரிந்தது என்று சொல்ல முடியாது, தெரிந்தது, அவ்வளவுதான். 'பையை வைத்துவிட்டு வா, போகலாம்' என்று சொல்ல வாய் இருந்தது. பின்னால் அடுத்த கூட்டம் காத்திருந்தது. இன்னும் இரண்டே குழி.

"மரம்" என்றாள்.

மாலின் அவளை ஒரு தரம் ஏறிட்டுப் பார்த்தாள். எதிர்த்து ஏதாவது சொல்வாள் என்று டார்லா எதிர்பார்த்தாள். அவள் மர மட்டையை உருவி எடுத்தாள். பந்து தாழ்வாகப் போய்த் திட்டில் ஏறி உருண்டு நின்றது. கிழவர் கை தட்டினார்.

எல்க் பெண்ட் ஜெயித்தது. கோப்பையோடு எடுத்த படத்தில் டார்லாவும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள். அது செவ்வாய்க்கிழமை.

வியாழக்கிழமை காலையில் விடுதி வாசலில் காரை நிறுத்தி ஹாரன் அடித்தாள். மாலின் வரவில்லை. மறுபடி அடித்தாள். சுணங்குகிறாள், பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டு மாடி ஏறினாள். வழியில் ஷெல்லி காலில் செருப்பில்லாமல் இறங்கி வந்துகொண்டிருந்தாள். டார்லாவைக் கண்டதும் மேலே கையைக் காட்டினாள். மாலின் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கம்பளி கழுத்துவரை இழுத்து விடப்பட்டிருந்தது. தூக்கத்திலேயே இதயம் நின்றிருக்கிறது என்று அப்புறம் சொன்னார்கள்.

அந்தக் கோப்பை அணியைக் காப்பாற்றியது. டென்னிஸைக் கலைத்தார்கள். டார்லா ராஜினாமா எழுதிக்கொண்டு போனபோது டுவேன் அதை வாங்கவில்லை. "டாக்டர்கிட்ட நேரம் வாங்கினவ நீ ஒருத்திதான்" என்றார். அவள் இன்னும் பத்து வருஷம் அதே வேனை ஓட்டி, அதே வேலையைப் பார்த்து ஓய்வு பெற்றாள். அதெல்லாம் பின்னால்.

அடக்கம் லிண்டாலில் நடந்தது. முடிந்ததும் சர்ச்சின் நிலவறையில் சாப்பாடு. நீண்ட மேஜைகளில் வெள்ளைக் காகிதம் விரித்திருந்தார்கள். பன்றி இறைச்சி வைத்த பன், உருளைக்கிழங்கு சாலட், காரட் சீவிப் போட்ட ஆரஞ்சு ஜெல்லி. சர்ச்சுப் பெண்கள் காப்பி ஜாடியோடு நடந்துகொண்டிருந்தார்கள். டார்லா ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். மாலினின் அம்மா ஜேனட் ஒரு தட்டைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். லென்னர்ட் காப்பிக் கோப்பையோடு மனைவியின் பக்கத்தில் வந்து அமர்ந்தார்.

"கிறிஸ்துமஸுக்கு வந்தப்ப படிப்பு அதிகம்னா" என்றாள் ஜேனட். "பெரிய ஸ்வெட்டர் போட்டுக்கிட்டே திரிஞ்சா. நான் பெத்தவ, எனக்கே தெரியல. உங்களுக்கு எப்பத் தெரியும்?"

வழியில் காரோட்டிக்கொண்டு வரும்போதே டார்லா பதிலைத் தயார் செய்திருந்தாள். பிப்ரவரியில் ஷெல்லி வந்து சொன்னபோது. அது பொய்யில்லை. ஆனால் எதிரே லென்னர்ட் உட்கார்ந்திருந்தார். மாலினுக்கு மட்டை பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர்.

"அக்டோபர்ல" என்றாள்.

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. ஏழு எட்டல. ஆறு குடுத்தேன்."

ஜேனட்டுக்கு விளங்கவில்லை. லென்னர்ட் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அப்புறம்?" என்றார்.

"நவம்பர்ல அஞ்சு."

"அப்புறம்?"

"கடைசி நாள் மரம். பின்காத்துல."

பக்கத்து மேஜையில் யாரோ காப்பிக்கு நன்றி சொன்னார்கள். லென்னர்ட் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க திடல்ல ரெண்டாவது குழி" என்றார் மெதுவாக. "பன்னெண்டு வயசுலேர்ந்து அவளுக்கு அது எட்டு. கிறிஸ்துமஸ் லீவுல நாங்க ரெண்டு பேரும் போனோம். எட்டு போட்டா, பாதியில விழுந்துச்சு. நான் ஆறை எடுத்துக் குடுத்தேன். காத்தும்மா, காத்துன்னேன்." அவர் நிறுத்தினார். "அன்னைக்குக் காத்தே இல்ல."

"ரெண்டு பேரும் என்ன பேசிக்கறீங்க?" என்றாள் ஜேனட். "எட்டு, ஆறுன்னு? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

லென்னர்ட் வாயைத் திறக்கவில்லை. திறக்கப் போவதில்லை என்று டார்லாவுக்குத் தெரிந்தது. அவள்தான் சொன்னாள். ஒரே தூரம்தான், உடம்பில் தெம்பு இருந்தால் இந்த மட்டை போதும், தெம்பு போகப் போக அடுத்தது வேண்டும், அதற்கும் அடுத்தது வேண்டும். இதைப் பார்க்கத் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டு பேர்தான் இருந்தோம். பார்த்தோம், அடுத்த மட்டையை எடுத்துக் கொடுத்தோம். குரல் உடையாமல் சொல்லி முடித்தாள். அழுதால் ஜேனட் அவளைத் தேற்ற வேண்டியிருக்கும். அது கூடாது என்று மட்டும் நினைத்துக்கொண்டாள்.

ஜேனட் கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நீங்க மாத்திக் குடுத்ததும், ஒவ்வொரு தடவையும் பந்து போய்ச் சேர்ந்துச்சா?"

"சேர்ந்துச்சு."

ஜேனட் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் ஆமென்று தலையை அசைத்தார்.

அவள் எழுந்தாள். நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளினாள். தட்டை எடுக்கவில்லை. இரண்டு மேஜை தள்ளிப் போய், தனக்கு அதிகம் பழக்கமில்லாத கிழவிகளின் நடுவே, இருவருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.